வீடா, விடுதியா, ஒரு பருவம் தள்ளிவைப்பதா: பெருந்தொற்றுக் காலக் கல்லூரி மாணவருக்கான ஒப்பீடு

உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று 2020 மார்ச் 11-ஆம் தேதி அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்களின் வகுப்பறைகள் மூடப்பட்டன. அப்போது கல்லூரி மாணவருக்கு யோசிப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். முடிவெடுக்கும் சுமை அதற்குப் பிறகுதான் வந்தது. கல்லூரிகள் பாதி திறந்தும் பாதி மூடியும் கிடந்த கட்டத்தில், "விரும்புவோர் வளாகத்துக்கு வரலாம், மற்றவர்கள் இணையவழியில் தொடரலாம்" என்று ஒற்றை வரியில் ஓர் அறிவிப்பு வந்ததும், அதுவரை நிர்வாகம் சுமந்த பொறுப்பு மாணவரின் தலைமேல் இறங்கிவிட்டது.

அந்த ஒற்றை வரியோடு திகைத்து நின்றவர்கள் எழுதிக் கேட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டிலிருந்தே படிப்பதா, விடுதிக்கோ வாடகை அறைக்கோ திரும்புவதா, இந்தப் பருவத்தையே தள்ளிவைப்பதா? இந்த மூன்றில் முதல் இரண்டையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றாவதற்கான விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்தும் போட்டு, அனுப்பாமல் வைத்திருந்தேன். அந்த அனுபவத்தில் நான் உறுதியாக நம்புவது இது: எந்த இடம் நல்லது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த இடத்தில் என் பகல்பொழுது என் கையில் இருக்கும் என்றும், எடுத்த முடிவு பிசகினால் எத்தனை நாளில் அதிலிருந்து திரும்ப முடியும் என்றும் கேட்டால் கிடைக்கும்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் தொற்று. இதை "எனக்கு வந்தால் என்ன ஆகும்" என்று மட்டும் கேட்டால் கணக்கு தப்பிவிடும். இளம் வயதினரில் பெரும்பாலோர் நோயிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். அவர்கள் வழியாக நோய் சென்று சேரும் முதியவருக்கும், நீரிழிவோ இதயநோயோ உள்ளவருக்கும் அந்த வாய்ப்பு அதே அளவில் இல்லை. ஆகவே நம்மோடு ஒரே கூரையின்கீழ் உறங்குபவர்களில் யார் மிகவும் பலவீனமானவர் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது, இந்தப் பருவத்தில் கையால் செய்து கற்க வேண்டியது எவ்வளவு என்பது. தத்துவமும் புள்ளியியலும் படிப்பவருக்கும், நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் கிருமிகளை வளர்க்கும் தட்டுகளைக் கையாள வேண்டியவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

மூன்றாவது, இடையூறில்லாத நேரம். இதைத்தான் பெரும்பாலோர் அளக்காமலேயே விட்டுவிடுகிறார்கள் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் உறங்கினால் மீதி 112. வகுப்பு, குளியல், சாப்பாடு, வீட்டு வேலை எல்லாம் போக நிறையவே மிஞ்சும் என்று தோன்றும். நான் நாளுக்கு ஆறு மணி நேரம் படிப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் மட்டும், நோட்டின் கடைசிப் பக்கத்தில், உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் பேனாவால் குறித்து வைத்தேன். யாரும் கூப்பிடாமல், இணைப்பு அறுந்துபோகாமல், நானும் கைப்பேசியை எடுக்காமல் ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்த தருணங்கள் வாரம் முழுவதற்கும் நான்குதான் தேறின. இந்தக் குறிப்பை எழுதிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் போகாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

நான்காவது பணம்: கட்டணச் சீட்டில் வருவதும் வராததும். ஐந்தாவது, திரும்பிவரும் வழி. சாதாரணக் காலத்தில் ஐந்தாவதுக்கு இவ்வளவு மதிப்பு இல்லை; நிலைமை வாரத்துக்கு வாரம் மாறும் காலத்தில் மற்ற நான்கையும்விட நான் அதற்கே அதிக மதிப்பெண் தருவேன்.

## வீட்டிலிருந்தே தொடர்வது

இதன் நன்மைகள் வெளிப்படையானவை. விடுதிக் கட்டணமும் பயணச் செலவும் இல்லை. காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆள் இருக்கிறது. வீட்டிலுள்ள மற்றவர்களும் வெளியே போகாமல் இருக்க முடிந்தால் தொற்றுக்கான வாய்ப்பும் இங்கேதான் குறைவு. ஆனால் குடும்பத்தில் ஒருவர் தினமும் மருத்துவமனைக்கோ கடைக்கோ வேலைக்குப் போய்வரும் நிலையில், நாம் அறைக்குள் இருப்பதாலேயே வீடு பாதுகாப்பாகிவிட்டது என்று எண்ணுவது பிழை.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது இணையம். காணொளி வகுப்பு விநாடிக்கு 600 கிலோபிட் என்ற அளவில் ஓடினால் மணிக்கு 270 மெகாபைட் செலவாகும்; நாளுக்கு ஐந்து மணி நேர வகுப்பென்றால் 1,350 மெகாபைட், அதாவது ஒன்றேகால் ஜிபிக்கும் மேல். காணொளியை நிறுத்திவிட்டு ஒலியை மட்டும் விநாடிக்கு 80 கிலோபிட்டில் கேட்டால் மணிக்கு 36 மெகாபைட் போதும். தினசரி வரம்புள்ள திட்டத்தில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் மாலை வகுப்பு கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. வீட்டில் தம்பியோ தங்கையோ அதே நேரத்தில் வகுப்பில் இருந்தால், கருவியும் இணைப்பும் இரண்டாகப் பங்கிடப்படும். இருவருக்கும் ஒரே நாளில் தேர்வு வரும்போதுதான் அதன் முழு விலை தெரியும்.

எங்கள் வீட்டில் சிக்னல் நிலையாகக் கிடைத்த ஒரே இடம் மாடிப்படியின் ஏழாவது படி. முழங்காலில் நோட்டு, மேல்படியில் கைப்பேசி, காதில் ஒயர் என்று ஒரு பருவத்தின் பெரும்பகுதியை அங்கே கழித்தேன். மேலே போகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் நான் காலை மடக்கி, நோட்டைத் தூக்கி, விட்ட வரியைத் தேடி மறுபடி எழுதுவேன். இதில் யார்மேலும் குறை சொல்வதற்கில்லை. "வீட்டுலதானே இருக்க, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போப்பா" என்று அப்பா கூப்பிடும்போது அவர் கண்ணுக்குத் தெரிவது படியில் உட்கார்ந்திருக்கும் மகன் மட்டுமே; காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வகுப்பு அவருக்குக் கேட்பதில்லை. மாணவிகளுக்கு இந்தச் சிக்கல் பல மடங்கு பெரியது. மகன் வகுப்பில் இருக்கிறான் என்று தயங்கும் வீடுகளிலும் மகளைத் தயங்காமல் அழைத்துவிடுகிறார்கள். சமையலறைக்கும் திரைக்கும் நடுவே நடந்துகொண்டே பட்டப்படிப்பை முடித்த தோழிகளை எனக்குத் தெரியும். இந்த ஒப்பீட்டைப் படிக்கும் பெற்றோர் யாரேனும் இருந்தால், வகுப்பு நேரத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, அந்த நேரத்தில் மகள் வீட்டில் இல்லை என்றே எண்ணிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மற்றொரு செலவு உடலிலும் மனத்திலும் சேர்வது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட கட்டுரை, காணொளிச் சந்திப்புகள் ஏன் களைப்படையச் செய்கின்றன என்பதற்கு நான்கு காரணங்களை முன்வைக்கிறது: மிக நெருக்கத்தில் இடைவிடாமல் பிறர் முகத்தைப் பார்ப்பது, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, உடல் அசைவு குறைவது, சைகைகளைப் புரிந்துகொள்ளவும் புரியவைக்கவும் மூளை கூடுதலாக உழைப்பது. இதிலிருந்து நேரடியாகச் செய்யக்கூடியவை உண்டு. தன் முகம் தெரியும் கட்டத்தை மறைத்துவிடலாம், சாளரத்தைச் சிறிதாக்கலாம், ஒலி மட்டும் போதுமான வகுப்பை நின்றோ நடந்தோ கேட்கலாம்.

"பதிவு இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற நினைப்பு எல்லாவற்றிலும் ஆபத்தானது. வாரத்துக்கு மூன்று வகுப்புகளைத் தள்ளிப்போட்டால் பத்தாவது வாரத்தில் முப்பது வகுப்புகள் குவிந்திருக்கும். தேர்வுக்கு முந்தைய பத்து நாளில் முப்பது வகுப்புகளை ஒருவர் பார்த்துவிட முடியும், கற்றுவிட முடியாது.

கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையோ, குறைந்தது மதிக்கப்படும் ஒரு மூலையோ இருப்பவருக்கும், பாடங்களில் பெரும்பகுதி வாசிப்பும் எழுத்துமாக இருப்பவருக்கும், வீட்டில் ஒரு நோயாளியை அருகிலிருந்து கவனிக்க வேண்டியவருக்கும் வீடே சரியான இடம்.

## விடுதிக்கோ வாடகை அறைக்கோ திரும்புவது

இங்கே எல்லோரும் முதலில் கேட்பது கட்டணத்தை. அதற்கும் முன்பாகத் துறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று: வளாகத்துக்கு வந்தால், வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆசிரியர் உண்மையாகவே நேரில் வகுப்பெடுப்பார்? நான் திரும்பிப் போன கல்லூரியில் விடுதி திறந்திருந்தது, நூலகம் பாதி நேரம் திறந்திருந்தது, வகுப்புகள் மட்டும் திரையிலேயே நடந்தன. பக்கத்து அறை நண்பனும் நானும் ஒரே வகுப்பை, சுவருக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும், அவரவர் கணினியில் கேட்டுக்கொண்டிருந்தோம். அவன் பக்கம் ஒலி அரை விநாடி முந்தி வரும். இவ்வளவுக்காகவா பணம் கட்டினோம் என்று முதல் வாரம் நொந்துகொண்டேன். ஆனால் இரண்டாம் வாரம் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தபோது, இடையூறில்லாத ஒன்றரை மணி நேரத் தருணங்கள் பதினொன்று இருந்தன. வகுப்பு மாறவில்லை, என் பொழுது என் கைக்கு வந்திருந்தது.

தொற்று விஷயத்தில் விடுதி பலவீனமான இடம் என்பதை மறைக்கக் கூடாது. பெருந்தொற்றின் தொடக்கக் காலத்தில் நோயின் அறிகுறி தோன்ற சராசரியாக ஐந்தாறு நாட்களும், சிலருக்குப் பதினான்கு நாட்கள் வரையிலும் ஆயின. அறிகுறி தோன்றுவதற்கு முன்பே அது பிறருக்குப் பரவக்கூடும். பொதுக் கழிவறை, காற்றோட்டமில்லாத தாழ்வாரம், முகக்கவசத்தைக் கழற்றியே ஆகவேண்டிய உணவுக்கூடம் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் ஒருவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் மற்றவர்களின் கவனத்தையே நம்பியிருக்கிறார். அறையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், எதிரெதிரே இரண்டு சாளரங்கள் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். தனி வாடகை அறை இந்த வகையில் மேலானது. ஆனால் அதில் காய்ச்சலோடு படுத்துவிட்டால் வாசலில் உணவை வைத்துவிட்டுப் போக யார் இருக்கிறார்கள் என்பதற்குப் பெயரும் தொலைபேசி எண்ணுமாகப் பதில் இருக்க வேண்டும். அந்தப் பெயர் இல்லாமல் தனி அறைக்குப் போகாதீர்கள்.

பதினான்கு நாள் கணக்கு பணத்திலும் நேரத்திலும் விலை கேட்கிறது. வந்து சேர்ந்ததும் ஒதுங்கியிருக்கச் சொன்ன விடுதிகள் உண்டு. வார இறுதியில் வீட்டுக்குப் போய் வருவது என்ற பழைய வழக்கம் முதியவர்கள் உள்ள வீட்டுக்குப் பொருந்தாது; போனால் தனி அறையில் ஒதுங்கியிருந்துவிட்டுத்தான் பாட்டியின் அருகில் உட்கார முடியும். புறப்படும் நாளன்று எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தாலும், முந்தைய நாள் உடலுக்குள் புகுந்த கிருமியை அது காட்டியிருக்காது. இதோடு முன்பணம், பாதியில் மூடினால் திரும்பக் கிடைக்குமா என்பது தெளிவில்லாத உணவுக் கட்டணம், திடீரென்று காலி செய்யச் சொன்னால் கடைசி நேரத்தில் எடுக்க வேண்டிய பயணச்சீட்டு எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கட்டுவதற்கு முன், "விடுதி மூடப்பட்டால் மீதித் தொகை என்னவாகும்" என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு இதுவே சரி. ஆய்வகத்திலோ பட்டறையிலோ செய்தே தீர வேண்டிய இறுதியாண்டுத் திட்டம் உள்ளவர்கள் முதலாவது. வீட்டில் உட்கார இடமில்லாதவர்கள் இரண்டாவது. மூன்றாவதாக, வீடு என்பதே அச்சமாக இருப்பவர்கள்: தினமும் சண்டை, அடி, குடி, அவமதிப்பு என்றிருக்கும் வீட்டிலிருந்து படிக்க முயல்பவர்களுக்கு நான் அளவுகோலையும் அட்டவணையையும் நீட்டமாட்டேன். அவர்கள் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பித்தோ, நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியரிடம் நேராகச் சொல்லியோ விடுதியில் இடம்பெற முயல வேண்டும்.

## பருவத்தைத் தள்ளிவைப்பது

பார்வைக்கு இது செலவே இல்லாத வழி. ஆனால் உதவித்தொகைகள் பலவற்றுக்குத் தொடர்ச்சியான சேர்க்கை ஒரு நிபந்தனை. கல்விக்கடன்களில் படிப்பு இடைநின்றால் திருப்பிச் செலுத்தும் கெடு முன்னதாகவே தொடங்கிவிடுபவை உண்டு. மருத்துவக் காப்பீடு மாணவர் சேர்க்கையோடு பிணைந்திருந்தால், அது மிகவும் தேவைப்படும் காலத்திலேயே அறுந்துபோகும். சில பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடத்தப்படுவதால், ஒரு பருவம் தள்ளிவைத்தவர் ஓராண்டை இழக்கவும் நேரலாம். பட்டத்தை முடிக்க அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு ஆண்டுகள் எத்தனை என்பதையும் விதிநூலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் விண்ணப்பத்தை அனுப்பாததற்கு இவை காரணமில்லை. கையெழுத்திட்ட அன்று ஒரு நண்பன், "சரி, அந்த ஆறு மாசம் என்ன பண்ணப் போற?" என்று கேட்டான். விண்ணப்பத்தின் பின்பக்கத்திலேயே ஒரு நாளின் அட்டவணையை எழுதத் தொடங்கினேன். எழுவது, நடப்பது, வாசிப்பது என்று காலை பதினொரு மணி வரை வந்தது. அதற்குமேல் எழுத எதுவும் இல்லை. பயணமும் பகுதிநேர வேலையும் பயிற்சிப் பணியும் எல்லாம் அப்போது முடங்கிக் கிடந்தன. சாதாரண ஆண்டில் இடைவெளி எடுப்பவர் வேறொன்றை நோக்கிப் போகிறார். நான் எதையும் நோக்கிப் போகவில்லை, திரையிலிருந்து தப்பிக்க மட்டுமே விரும்பினேன்.

ஆனால் தள்ளிவைப்பதே சரியான முடிவாக இருக்கும் நிலைகள் உண்டு. அங்கே தயங்கக் கூடாது. குடும்பத்தில் ஒரு மரணம் நிகழ்ந்திருந்தால், வீட்டின் வருமானம் நின்று நீங்கள் சம்பாதித்தே ஆகவேண்டுமென்றால், தொற்றிலிருந்து மீண்ட பிறகும் களைப்பும் மறதியும் மாதக்கணக்கில் விடாமல் இருந்தால், தள்ளிவையுங்கள். அந்த நிலையில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதும் தேர்வுகளின் குறைந்த மதிப்பெண்கள் சான்றிதழில் நிலைத்து நின்றுவிடும். மருத்துவக் காரணத்துக்கான விடுப்பும் சொந்தக் காரணத்துக்கான விடுப்பும் வெவ்வேறு விதிகளின்கீழ் வரலாம் என்பதால், விண்ணப்பத்தில் எந்தக் காரணத்தை எழுதுகிறோம் என்பதற்கே பண மதிப்பு உண்டு.

இதற்கும் முழுச் சுமைக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதைப் பலர் அறிவதில்லை. கல்லூரி அனுமதித்தால் ஆறு பாடங்களில் இரண்டை மட்டும் ஒத்திவைத்து நான்கோடு தொடரலாம். உதவித்தொகைக்குத் தேவையான குறைந்தபட்சச் சுமைக்குக் கீழே போகாதவரை, களைத்துப்போனவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வீடு | விடுதி, வாடகை அறை | தள்ளிவைப்பு |
|---|---|---|---|
| வெளிப்படையான செலவு | குறைவு | அதிகம் | மிகக் குறைவு |
| மறைந்த செலவு | இணையம், பங்கிடும் கருவி, வீட்டு வேலை | முன்பணம், ஒதுங்கும் நாட்கள், திடீர்ப் பயணம் | உதவித்தொகை, கடன், காப்பீடு, ஓராண்டு இழப்பு |
| தொற்று யாரைத் தொடும் | வெளியே போய்வருபவர் வழியாக எல்லோரையும் | முதலில் நம்மை, ஊருக்குப் போனால் வீட்டாரை | வீட்டைப் போலவே |
| செய்முறைக் கல்வி | ஏறக்குறைய இல்லை | ஆய்வகம் திறந்திருந்தால் உண்டு | பிறகு முழுமையாகக் கிடைக்கலாம் |
| முடிவை மாற்ற ஆகும் காலம் | சில நாட்கள் | இரண்டு வாரங்களுக்கு மேல் | ஒரு பருவம் முதல் ஓராண்டு வரை |

கடைசி வரிசையை இரண்டாம் முறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்ற அளவுகோல்களில் இரண்டு வழிகள் சமமாக நின்றால், எளிதில் மாற்றக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து விடுதிக்குப் போகப் பெரும்பாலும் பிறகும் முடியும். கட்டிய பணத்தையும் தள்ளிவைத்த பருவத்தையும் அவ்வளவு எளிதில் மீட்க முடியாது.

## முடிவெடுத்த பிறகு

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு நான்கு வாரக் கெடு வைத்து, என்ன நடந்தால் மாற்றிக்கொள்வேன் என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். எனக்கு நான் எழுதிவைத்தவை மூன்று: தொடர்ந்து இரண்டு வாரம் ஆய்வக வகுப்பு ரத்தானால் வீட்டுக்குத் திரும்புவது, இடையூறில்லாத தருணங்கள் வாரத்துக்கு ஆறுக்குக் கீழே போனால் நேர அட்டவணையை மாற்றிப் பார்ப்பது, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அன்றைக்கே துறைத் தலைவருக்குக் கடிதம் அனுப்புவது. அந்தக் கடிதத்தைக் காய்ச்சல் வருவதற்கு முன்பே எழுதி, தேதிக்கு மட்டும் இடம்விட்டு வைத்திருந்தேன். பதற்றத்தில் இருக்கும்போது நல்ல கடிதம் எழுத வராது.

திட்டமிடும்போது அன்றன்றைக்கு உரியதைக் கறாராகவும், வாரத்துக்கு உரியதைச் சற்றுத் தளர்வாகவும், பருவத்துக்கு உரியதை, கல்லூரி திறந்தால் ஒன்று, மூடினால் ஒன்று என இரண்டு கிளைகளாகவும் வைத்துக்கொள்வது எனக்கு உதவியது. கல்லூரிக்கு நடந்துபோகும் நேரம் இல்லாமல் போனதை ஈடுகட்ட, முதல் வகுப்புக்கு முன் இருபது நிமிடம் வெளியே நடந்துவிட்டு வந்து உட்கார்வேன். அதைத் தவறவிட்ட நாட்களில் பத்து மணி வரை உறக்கக் கலக்கம் தீராது.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று மீதி இருக்கிறது. இணையவழி வகுப்பிலிருந்து நேரடி வகுப்புக்கோ, நேரடி வகுப்பிலிருந்து இணையவழிக்கோ பருவத்தின் நடுவில் மாற அனுமதி உண்டா, உண்டென்றால் அதற்குக் கடைசித் தேதி எது என்று துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதிலில் வரும் தேதியை, நோட்டின் அந்தக் கடைசிப் பக்கத்தின் தலைப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.